காற்றுப் படக் கூடாத தோள்

போன மாதம் ஜெனிஃபர் போன் செய்தாள். திருச்சியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வலி சிகிச்சைப் பிரிவில் இப்போது அவள்தான் பொறுப்பு நர்ஸ். பிரிவைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றி, நல்ல ஏ.சி. போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். முதல் நாளே, அக்கி வந்து ஆறிய பெரியவர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மேலிருந்து ஏ.சி. காற்று முதுகில் விழுந்ததும் "ஐயோ" என்று கத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டாராம்.

"யாரும் தொடவே இல்ல சிஸ்டர். நான் கையக் கூட நீட்டல. அவரு பாட்டுக்கு எந்திரிச்சு ஓடுறாரு. பழைய ரூம்ல ஏன் ஃபேனே இல்லன்னு இப்பதான் எனக்குப் புரியுது."

"இப்பவாவது புரிஞ்சுதே தாயே" என்றேன். அந்த அறையில் ஃபேன் இல்லையென்று என்னைத் திட்டாத ஆள் கிடையாது. சித்திரை வெயிலில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நிற்போம். திட்டியவர்களில் இந்த ஜெனிஃபரும் ஒருத்தி. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அந்த அறையின் கதையை எழுதிக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். வேலையை விட்ட பிறகு எடமலைப்பட்டி புதூர் வீட்டில் டி.வி.யோடு சண்டை போடுவதைத் தவிர எனக்கும் வேலையில்லை. சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் ஆறு பேருக்கும் வாய் அதிகம். நர்சிங் படித்தது, பிரசவ வார்டு, அறுவை சிகிச்சை வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று சுற்றியது எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஓடினேன். தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சாதிக், வலிக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டார்.

"இங்க ஓட வேண்டாம் சிஸ்டர். உக்காந்து கேக்கணும். உங்களால முடியுமா?"

"கேக்குறது முடியும் சார். பேசாம கேக்குறதுதான் கஷ்டம்" என்றேன். சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

சாதிக் டாக்டர் பழைய திருச்சிக் கடைவீதிக் குடும்பம். குரல் அவ்வளவு மெதுவாக வரும். நோயாளிகள் காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைப்பார்கள். ஆனால் சொல்லாமல் யாராவது நோயாளியின் மேல் கை வைத்துவிட்டால் அதே குரல் வராந்தாவின் அந்தக் கோடி வரை கேட்கும். அவருடைய அறைக்கு மூன்று சட்டங்கள். ஒன்று, ஃபேன் கூடாது. இரண்டாவது, "வலிக்குதா?" என்று எவரும் கேட்கக் கூடாது. "எது மாதிரி இருக்கு?" என்றுதான் கேட்க வேண்டும். "வலிக்குதான்னு கேட்டா ஆமாம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. எது மாதிரின்னு கேட்டா யோசிப்பாங்க. அவங்க யோசிச்சுச் சொல்றதுலதான் நமக்கு விஷயம் இருக்கு" என்பார்.

அந்தக் கேள்விக்கு வந்த பதில்களைக் கேட்பதற்காகவே நான் காலையில் சீக்கிரம் போவேன். பொன்மலைப் பட்டறை வெல்டர் ஒருவர், "பொறி சட்டைக்குள்ள விழுந்தா உதறிடலாம் சிஸ்டர், இதை எங்கே போட்டு உதற?" என்றார். மணப்பாறையில் முறுக்குப் போடும் அம்மா ஒருத்தி, "எண்ணெய் தெறிச்சுது, தெறிச்சுது, இன்னும் தெறிச்சுக்கிட்டே இருக்கு" என்றாள். ஒருவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எது மாதிரியும் இல்லீங்க. இதுக்கு முன்னாடி எனக்கு இப்படி ஒண்ணு வந்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. சொல்வதற்கென்ன, நான் அழுகிற ஜாதிதான்.

மூன்றாவது சட்டம் பேனா. தோலில் எழுதும் பேனாவை நோயாளியின் கையிலேயே கொடுத்து, வலி எதுவரை இருக்கிறதோ அதைச் சுற்றி அவரையே கோடு போடச் சொல்வார். எட்டாத இடமென்றால், வெளியிலிருந்து உள்பக்கமாகப் பஞ்சால் மெல்ல வருடிக்கொண்டே வருவோம். எந்த இடத்தில் அவர் "ஆ" என்கிறாரோ அங்கே புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் எல்லை. அடுத்த முறை வரும்போது மறுபடி போடச் சொல்வோம். எல்லை உள்ளே சுருங்கியிருந்தால் டாக்டர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பிள்ளை பாஸான அப்பாகூடத் தோற்றுப்போவார்.

நம் பக்கத்தில் அக்கி என்றால் முதலில் வேளாரிடம்தான் போவார்கள். மண்பானை செய்கிற கை. காவி மண்ணைக் கரைத்து, கொப்புளத்தின் மேலும் சுற்றியும் சிங்கமோ நாயோ மாதிரி உருவம் எழுதிவிடுவார். அக்கி எழுதுவது என்று அதற்குப் பெயர். எங்களிடம் வருகிற பாதிப் பேர் அந்தக் காவியோடுதான் வருவார்கள். "நீங்களும் எழுதுறீங்களா? அங்கே சிங்கம் எழுதினாரு, நீங்க வெறும் கோடுதானா?" என்று எங்கள் பேனாவைப் பார்த்துக் கேலி செய்வார்கள். டாக்டர் அந்தக் காவியைத் தேய்த்து எடுக்க விடமாட்டார். நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். திட்டவும் கூடாது. "திட்டினா அடுத்த ஆள் இன்னும் லேட்டா வருவாரு. மாத்திரை சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பிரயோஜனம்" என்பார். அடிக்கடி பெயர் அடிபட்ட ஒரு வேளாருக்கு அவரே ஆளனுப்பினார்: நீங்கள் எழுதுங்கள், எழுதிய கையோடு எங்களிடம் அனுப்புங்கள், கண் பக்கமாக இருந்தால் எழுதாமலே அனுப்புங்கள். அந்த மனிதரும் அப்படியே செய்தார்.

அக்கி ஏன் வருகிறது என்று புதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வயதில் அம்மையாக வந்த கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் பதுங்கிக் கிடந்து, வயதான பிறகோ உடம்பு தளர்ந்த சமயத்திலோ, பெரும்பாலும் ஒரே நரம்பின் வழியாக வெளியே வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம். கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிடும். சிலருக்கு மட்டும் வலி போகாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடும். அந்தச் சிலர்தான் எங்கள் ஆட்கள்.

அப்படித்தான் சீனிவாசன் சார் வந்தார்.

ஸ்ரீரங்கத்துக்காரர். அறுபதை நெருங்கும் வயது. பெருமாள் புறப்பாட்டின்போது பல்லக்குத் தண்டைத் தோளில் தாங்கி நடக்கும் பரம்பரை. ஸ்ரீபாதம் தாங்கிகள் என்பார்கள். இளவட்டமாக இருந்தபோதிலிருந்து இடது தோளில் தண்டு வைத்து, அங்கே தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்திருந்தது. அக்கி வந்ததும் அதே தோளில். கழுத்தின் ஓரத்திலிருந்து புஜம் வரை. கொப்புளமெல்லாம் ஆறி வெளுத்த தழும்பாகிவிட்டது. வலி மட்டும் ஆறவில்லை. உத்தரீயம் தோளில் பட்டால் போதும், மனிதர் துள்ளி எழுந்துவிடுவார். அவர் மனைவி ஜெயா மாமி கூடவே வருவார், கையில் அந்த உத்தரீயத்தை மடித்து வைத்துக்கொண்டு.

"எது மாதிரி இருக்கு சார்?" என்றார் டாக்டர்.

சீனிவாசன் சார் யோசித்தார். "வலி எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். பங்குனி உற்சவம் வரது. அடியேன் தோள்ல தண்டு வைக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கோ."

டாக்டரிடம் திருப்பிக் கேள்வி கேட்ட முதல் நோயாளி அவர்தான். எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது.

"இப்போதைக்குக் கூடாது" என்றார் டாக்டர். நரம்பு வலிக்கான மாத்திரை தொடங்கினார். தூக்கம் வரும், கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கும், பார்த்து நடங்கள் என்று நான் தனியாக மாமியிடம் சொல்லி அனுப்பினேன். வலது தோளில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டேன். அதற்கு அவர், "நீங்க இடது கையால ஊசி போடுவேளா சிஸ்டர்?" என்றார்.

மனிதர் கேட்டால்தானே. கொஞ்சம் வலி குறைந்ததும், யாரிடமும் சொல்லாமல் ஒரு சின்னப் புறப்பாட்டில் போய் நின்றிருக்கிறார். தண்டு தோளுக்கு வருவதற்கு முன்பே கால் பின்னியிருக்கிறது. தாங்குகிறவர்களுக்கெல்லாம் மூத்தவர், முன்வரிசையில் நிற்பவர், ஜெயா மாமியின் அண்ணா. சீனிவாசன் சார் அவரை அத்திம்பேர் என்றுதான் கூப்பிடுவார். சீனிவாசன் சாரின் அக்காவை மணந்தவரும் அவரே. பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. அந்த அத்திம்பேர், அத்தனை பேர் பார்க்கக் கையைப் பிடித்து வெளியே நிறுத்திவிட்டார்.

"என்ன சொன்னார் தெரியுமா சிஸ்டர்? 'உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆஸ்பத்திரி இருக்கு சீனு. பெருமாளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?' அப்படின்னார். என்ன பதில் சொல்றது? நியாயம்தானே?" என்று பிறகு என்னிடம் சொன்னார் சீனிவாசன் சார்.

அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். சட்டென்று, ஒரே நாளில். அடுத்த முறை வந்தபோது முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்.

"உங்க இஷ்டத்துக்கு நிறுத்துறதுக்கு இது என்ன வெத்தலை பாக்கா சார்? படிப்படியாக் கொறைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சாப்பிட்டா தள்ளாடறது. தள்ளாடினா தண்டு கிடையாது. சாப்பிடலேன்னா வலி. வலியோடயாவது நிக்கலாமோன்னு பார்த்தேன்." நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: "என் இடத்துல இப்ப வேற ஒருத்தர் நிக்கறார். நன்னாத்தான் நடக்கறார். இந்தப் பங்குனிக்கும் நான் நிக்கலேன்னா அந்த இடம் அவரோடதாயிடும். அப்புறம் கேக்கறதுல நியாயம் கிடையாது."

மாமி உத்தரீயத்தை விரித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தது சீனிவாசன் சாரின் வலது கையை. அது இடது தோளைக் கவ்விப் பிடித்திருந்தது. வந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கையை எடுங்க சார்."

"எடுத்தா போச்சு டாக்டர்."

"துணி பட்டா துள்ளுறீங்க. கை மட்டும் எப்படி?"

சீனிவாசன் சாருக்கே அது புதுக் கேள்வி. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். "அமுக்கிண்டா தேவலையா இருக்கு. ராத்திரியும் அந்தப் பக்கமே அழுந்தப் படுத்துண்டாத்தான் தூக்கம் வரது. புரண்டா முழிப்பு."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்பப் பஞ்சால தொடப் போறேன்" என்று சொல்லித் தொட்டார். மனிதர் துள்ளினார். "இப்ப விரலால." பல்லைக் கடித்தார். "இப்ப உள்ளங்கையை வைச்சு அமுக்கப் போறேன்." பரக்க வைத்து மெல்ல மெல்லப் பாரம் கொடுத்தார். சீனிவாசன் சார் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார்.

"அப்படியே இருங்கோ டாக்டர். எடுத்துடாதேங்கோ."

டாக்டருக்கு முகமெல்லாம் ஆச்சரியம். இவர் ஒருவருக்காகப் பிற நோயாளிகள் அத்தனை பேரையும் வெளியே காக்க வைத்தார். மறுபடி பஞ்சு, மறுபடி உள்ளங்கை, தோளின் வெவ்வேறு இடங்களில். ஒரு தடவை என்னை அமுக்கச் சொன்னார், ஒரு தடவை மாமியை. "லேசாத் தொடுறதைச் சொல்ற நரம்பு, அக்கியில கெட்டுப்போய் வலின்னு சொல்லுது. அழுத்தத்தைச் சொல்றது வேற நரம்பு, அது பிழைச்சுக்கிச்சு போல. முழுசா எனக்கும் தெரியல சிஸ்டர்" என்றார். தெரியவில்லை என்று சொல்லும்போதுதான் அந்த மனிதருக்குச் சந்தோஷமே வரும். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் இப்படி இருக்காது. அமுக்கினாலும் உயிர் போகிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டு, கேட்டுவிட்டு, மெதுவாகத்தான் பார்க்க வேண்டும்.

"அப்ப தண்டு?" என்றார் சீனிவாசன் சார்.

"தண்டும் பாரம்தானே" என்றார் டாக்டர். "பாத்துருவோம்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சுவர் பூசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து சாரத்துக் கம்பு இரண்டை வாங்கினோம். நடுவில் பலகையைக் கட்டினோம். கூடத் தூக்குவதற்கு வார்டு ஊழியர்கள் மூன்று பேர். பலகையில் என்ன பாரம் வைப்பது? டாக்டர் ஷூவைக் கழற்றிவிட்டார். "நானே உக்காந்துக்கிறேன், வேணும்னா இறங்கிக்கலாம்."

சீனிவாசன் சார் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "தப்பா எடுத்துக்கப்படாது டாக்டர். பெருமாளைத் தவிர இந்தத் தோள்ல யாரையும் ஏத்தினதில்லை. எங்காத்துக் குழந்தைகளைக் கூட வலது தோள்லதான் தூக்கினேன்."

டாக்டர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, "அப்ப சலைன் பெட்டியை ஏத்துங்க" என்றார். ஏற்றினோம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், சலைன் பாட்டில்களின் ஊர்வலம். மாடி ஜன்னலிலிருந்து நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு குறும்புக்காரர் "கோவிந்தா" என்று கூடச் சொன்னார்.

கம்பு தோளைத் தொட்ட அந்தக் கணம் சீனிவாசன் சார் அலறிவிட்டார். ஆனால் மற்றவர்கள் பாரத்தை அவர் தோளுக்கும் விட்டதும் அலறல் நின்றது. நடந்தார். சுவர் வரை போய்த் திரும்பினார். "ஒண்ணுமே இல்லை" என்றார், தானே நம்பாதவராக. "டாக்டர், ஒண்ணுமே இல்லை!" இறக்கும்போது மறுபடி அலறல்.

அதாவது பாரம் பிரச்சினையே இல்லை. பாரம் வருவதற்கு முன்னும் போன பின்னும் ஏற்படும் உரசல்தான் பிரச்சினை. தோளை முன்கூட்டியே இறுகக் கட்டிவிட்டால், துணி ஆடாமல் இருந்தால், தண்டு உரசுவது தோலுக்குத் தெரியாது. எலாஸ்டிக் பேண்டேஜை எடுத்தேன். மாமி தலையாட்டினார்.

"அது மடிக்கு ஆகாது சிஸ்டர். தோய்ச்சு, யாரும் தொடாம உலர்த்தின வேஷ்டித் துணின்னா ஆகும். அதுவும் அன்னிக்கு அவர் தீர்த்தமாடினப்புறம் வெளியிலேர்ந்து யாரும் அவரைத் தொடப்படாது. நானே கூட ஸ்நானம் பண்ணிட்டுத்தான்."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, மறைப்பானேன். மாதக்கணக்காகத் தொட்டுப் பார்த்த தோள். ஆனால் பெண்டாட்டிக்கே அந்தச் சட்டம்தான் என்னும்போது நான் என்ன மூஞ்சியைத் தூக்குவது? தொடாமல் கட்டுப் போடுவது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த யோசனையில் கோபம் மறந்துபோயிற்று.

மருந்துக்கும் டாக்டர் வழி செய்தார். பழைய அளவில் பாதி, அதுவும் படுக்கும்போது மட்டும். காலையில் கோடு போட்டு அதன் மேல் நடக்க வேண்டும். கால் கோட்டை விட்டு விலகினால் அன்று தண்டு கிடையாது. "இதுல என்னை ஏமாத்தினீங்கன்னா, உங்க அத்திம்பேருக்கு முன்னாடி நான் வெளியே நிறுத்துவேன்" என்றார். அந்த மெல்லிய குரலில் அதைக் கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போவேன். சித்திரை வீதியில் அவர்கள் வீடு. கூடத்தில் பாய் போட்டு, மாமியின் தோளில் நான் கட்டிக் காட்டுவேன். பிறகு மாமி அதை அவிழ்த்து, சீனிவாசன் சாருக்குக் கட்டுவார். "முதல்ல உள்ளங்கையால அமுக்குங்க மாமி. அமுக்கின கைக்கு அடியிலயே துணி போகணும். இழுத்து உரசக் கூடாது. முடிச்சுப் போடாதீங்க, அக்குள் பக்கம் செருகுங்க." முதல் வாரம் கட்டியது நடந்ததும் நழுவியது. அடுத்த வாரம் கட்டியதில் கை மரத்துப்போய்விட்டது. "புடவை கட்டிண்ட மாதிரி இல்லையே இது" என்று மாமி அலுத்துக்கொள்வார். "அவரை நெனச்சுக் கட்டாதீங்க, ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுறோம்னு நெனச்சுக் கட்டுங்க" என்றேன். சீனிவாசன் சார், "ஜாடிக்கு வலிக்காது, இழுத்தே கட்டு" என்பார். ஒரு ஞாயிறு சரியாக வந்துவிட்டது. அவர் எழுந்து, அந்தக் கட்டின் மேலேயே உத்தரீயத்தைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை. மாமி உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, கையில் எனக்குக் காபி.

அத்திம்பேர் மட்டும் இளகவில்லை. மாமி போய்க் கெஞ்சியிருக்கிறார். கடைசியில் ஒரே ஒரு வாய்ப்பு: பங்குனி உற்சவத்து வீதிப் புறப்பாட்டில் முதல் மண்டபம் வரை. அங்கே பெருமாளை இறக்கி வைப்பார்கள். அதுவரை நன்றாக வந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் இனிமேல் கேட்கக் கூடாது. மாற்றுக்கு ஒருவர் பக்கத்திலேயே நடந்து வருவார், இப்போது அந்த இடத்தில் நிற்கிறாரே, அவர்தான்.

அன்று நான் வீதியோரம் நின்றேன். நல்ல கூட்டம். தண்டு மேலே வந்தது, நான்கு புறமும் பாரம் ஒன்றாக இறங்கியது. சீனிவாசன் சார் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. நடந்தார்கள். என்ன நடை! ஒரே ஆள் நடப்பது போல அத்தனை கால்களும். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு கூடவே போனேன். அவர் தோளைத்தான் பார்த்தேன், பெருமாளைப் பார்த்தேனா என்று கேட்டால் இல்லை. முதல் மண்டபம் வந்தது. எனக்கு ஒரு பாட்டுப் பாடலாம் போலிருந்தது.

பெருமாளை மெல்ல இறக்கினார்கள். தண்டு தோளை விட்டு எழும்பியது.

அதைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை. வெயிலில் வேர்த்து, கட்டு ஊறித் தளர்ந்திருந்தது. அத்தனை நேரம் பாரம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பாரம் போனதும் ஈரத் துணி வழுக்கி அவிழ்ந்து, ஒரு நுனி தோளின் மேலேயே தொங்கி ஆடியது. காவிரிப் பக்கமிருந்து காற்று வேறு. சீனிவாசன் சார் அப்படியே குனிந்துவிட்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். பிடித்து அமுக்க வலது கையைத் தூக்குகிறார், அது நடுங்கி, அமுக்காமல் வருடிவிடுகிறது. வருடினால் இன்னும் வலி. சுற்றி நின்றவர்கள் பக்தியில் உருகுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாமி கூட்டத்தில் எங்கோ பின்னால். நான் கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம், கை எட்டும் தூரம். போய் அமுக்கிவிட்டால் முடிந்தது. ஆனால் நான் தொட்டால் அவருடைய மடி போயிற்று, அன்றைய தண்டும் போயிற்று. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு உலகத்துச் சட்டங்கள் எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது.

மாற்று ஆள் வேஷ்டியை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவரைப் போலவே மடியாக நின்ற அத்திம்பேரும் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"அமுக்குங்க சார்!" என்று கத்தினேன். பொன்மலைக் குரல், சும்மாவா. "அவரு தோளை அமுக்குங்க! தடவாதீங்க, அமுக்குங்க!"

அத்திம்பேர் யார் கத்துவது என்று என்னை முறைத்தார். பிறகு சீனிவாசன் சாரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய், அந்தத் துணி நுனியோடு சேர்த்துத் தோளில் உள்ளங்கையைப் பதித்தார்.

"இப்படியா?"

"இன்னும் பலமா!"

அவர் குள்ளம். குதிகாலைத் தூக்கி, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் அதில் போட்டார். சீனிவாசன் சாருக்கு மூச்சு வந்தது.

"முடியலேன்னா சொல்லிடு சீனு. பின்னால ஆள் நிக்கறார்."

"கைய எடுக்காம பேசுங்கோ அத்திம்பேர்."

"அடுத்த மண்டபம் வரைக்கும் வருவியா?"

"தண்டு மேல இருந்தாத்தான் எனக்கு சுகம். சீக்கிரம் தூக்கச் சொல்லுங்கோ."

அத்திம்பேர் தலையை மட்டும் திருப்பி, மாற்று ஆளை விலகி நிற்கச் சொன்னார். மற்றவர்களைப் பார்த்து, "தூக்குங்கோ" என்றார். தண்டு எழும்பி, அவர் விரல்களின் மேலேயே இறங்கும் வரை கையை எடுக்கவில்லை. பாரம் முழுதும் வந்த பிறகுதான் கையை உருவினார். விரல் நசுங்கியிருக்க வேண்டும். உதறிக்கொண்டே முன்னால் ஓடித் தன் இடத்தில் நின்றுகொண்டார்.